பன்னிரண்டாம் மாடியில் செயின்சா

கேள்வி: பழுதான என் செயின்சா இயந்திரத்தைப் பன்னிரண்டாம் மாடி வீட்டிலேயே பிரித்துச் சீர்செய்யலாமா? (வாசகர் ஒருவர், ஆங் மோ கியோ)

பதில்: ரப்பர்த் தோட்டங்கள் இருந்த பிரதேசத்தில் 1973இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தார் நிர்மாணிக்கத் தொடங்கிய நகரத்தில், பன்னிரண்டாம் மாடியில் வாசம் செய்யும் தாங்கள் எந்த விருட்சத்தை வீழ்த்த உத்தேசித்து இவ்வாயுதத்தைச் சம்பாதித்தீர்கள் என்று நான் வினவப் போவதில்லை. தாராளமாகப் பிரிக்கலாம். ஆனால் பெட்ரோலைக் கீழே திறந்தவெளியில் வடித்துவிட்டு மேலே கொண்டுவாருங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால், தரையோடு தவழ்ந்து சென்று சமையலறை அடுப்பை விசாரிக்கும் சுபாவமுடையது.

முதலில் காற்று வடிகட்டி, ஸ்பார்க் பிளக், புகைபோக்கியில் கரி அடைத்த கம்பிவலை ஆகியவற்றைச் சோதியுங்கள்; பல வியாதிகள் அங்கேயே தீரும். தீராவிடில் புகைபோக்கியைக் கழற்றி, அத்துவாரத்தின் வழியே பிஸ்டனைத் தரிசியுங்கள். நெடுக்குக் கீறல்கள் தென்பட்டால், 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்ற விதியை யாரோ சிக்கனத்தின் பொருட்டு மீறியிருக்கக் கூடும்; அந்த யாரோ யார் என்ற ஆராய்ச்சி வீட்டுக்குள் வேண்டாம்.

பராக்கிரமசாலிகள் தோற்கும் இடம் கிளச்சு. பிளக் துவாரத்தில் கயிற்றை நுழைத்துப் பிஸ்டனை நிறுத்திக்கொண்டு, கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால்தான் அது கழலும். பெரும்பாலும் இடப்புரி மரையாதலால், பழக்கதோஷத்தால் மறுபக்கம் திருப்பத் திருப்ப இறுகிக்கொண்டே போகும். பிஸ்டன் பின்னைக் காக்கும் சிறு கம்பி வளையமோ, விடுவித்த க்ஷணத்தில் பறந்து எதிர் புளோக்குக்குக் குடிபெயர்ந்துவிடும். புதிதாக ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி பூட்டியபின், முடுக்கிப் பார்க்கும் வைபவத்தைத் தாழ்வாரத்தில் மட்டும் நடத்தாதீர்கள். நகர மன்றத்துக்குப் புகார் எழுதுவதில் தங்கள் அண்டை வீட்டார் என் வாசகர்களைவிடச் சுறுசுறுப்பானவர்கள்.