தழும்பைத் தட்டிக் கேட்ட விமானக் கம்பெனி

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை ஊரெல்லாம் உண்டு. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரான கதை ஜெர்மனியில் நடந்தது.

ஹிட்லரின் படைக்குக் குண்டுவீச்சு விமானம் செய்து கொடுத்த புண்ணியவான்கள் டோர்னியர் கம்பெனிக்காரர்கள். 1960களில் அவர்களுக்குப் புதுக் கவலை: ஒலியை மிஞ்சும் வேகத்தில் போகும் விமானத்தைப் பிசாத்து மழைத்துளி பதம் பார்க்கிறதே! ஊர் ஊராகக் குண்டு போட்ட பரம்பரைக்கு வருணபகவான் வைத்த ஆப்பு. சரி, ஆராய்வோம் என்று உலோகத் தகட்டின் மேல் அசுர வேகத்தில் குண்டெறிந்து பார்த்தார்கள். 1966இல் அது மோதுகிற நேரம் பார்த்து ஓர் இன்ஜினியர் தகட்டைத் தொட்டுத் தொலைத்தார். ஷாக் அடித்தது போலச் சுரீரென்றது. அளந்து பார்த்தால் மின்சாரமே இல்லை. அடித்தது அதிர்வலை!

தோலைக் கிழிக்காமல் உடம்புக்குள் போகிறதென்றால் கிட்னி கல்லை உடைக்கலாமே? 1980 பிப்ரவரியில் மியூனிக்கில், டாக்டர் கிறிஸ்டியன் சௌசியின் முதல் நோயாளி தண்ணீர்த் தொட்டியில் இறக்கப்பட்டார். நீருக்கடியில் பொறி வெடிக்க, அலை போய்க் கல்லில் இடித்தது. இதயம் தாளம் தப்பக் கூடாதென்று ஈ.சி.ஜி.யைக் கேட்டுக் கேட்டு அடித்தார்கள். கல் பொடியானது.

அடுத்து எலும்பு. அலை பட்டால் நொறுங்குமோ என்று பயந்தால், அது கூச்சமே இல்லாமல் புதிதாக வளர்ந்தது. ஒட்டாத எலும்பு முறிவு, குதிகால் வலி என்று வரிசை நீண்டது.

கடைசியில் தீக்காயத் தழும்பின் முறை. தொட்டி ஓய்வு பெற்று, ஜெல் தடவி வைக்கும் கைக்கருவி வந்திருந்தது. தழும்புக்கு அதிர்வலை கொடுத்ததைப் பற்றி 2012இல் இத்தாலி மருத்துவர்கள் எழுதினார்கள். 2016இல் கொரியர்கள் ஒரு குழுவுக்கு நிஜ அலையும் இன்னொன்றுக்கு வெறும் பாவனையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். நிஜ அலை பெற்றவர்களுக்குத் தழும்பு வலி நன்றாகக் குறைந்தது. புண் ஆறிய பிறகும் கொலாஜன் என்னும் புரதத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும் செல்கள், கல்யாணம் முடிந்தும் கிளம்பாத உறவினர்கள் மாதிரி; தட்டத் தட்ட அவற்றின் ஆட்டம் அடங்குவதாக ஆய்வகச் சோதனைகள் சொல்கின்றன.

ஆனாலும் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகளே. விமானக்காரன் வித்தை வந்துவிட்டதென்று தழும்புக்கு டாக்டர் தந்த அழுத்த உடையையும் சிலிகானையும் பரணில் போட்டுவிடாதீர்கள். அதிர்வலை துணைக்கு வருவதுதான். அன்றாடப் பாடு இன்னும் அந்த இறுக்கமான சட்டைக்கே.