மாண்புமிகு அம்மானுக்கு ஒரு பாராட்டு மடல்

இலங்கை ஜனநாயக சோசலிசக் குடியரசின் முன்னாள் அமைச்சர், முன்னாள் பிரதி அமைச்சர், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் முன்னாள் துணைத் தலைவர், விடுதலைப் புலிகளின் மட்டக்களப்பு – அம்பாறை முன்னாள் தளபதி, மாண்புமிகு விநாயகமூர்த்தி முரளிதரன் என்கிற கருணா அம்மான் அவர்களுக்கு, தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் பக்கத்தில் இலத்தூர் என்னும் ஊரிலிருந்து எழுதிக்கொள்வது.

பட்டங்களில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் பொறுத்தருள வேண்டும். தென்காசியில் ஃபிளெக்ஸ் அடிக்கிறவர்கள் கட்சி மாறிய எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறார்கள். அவர்களே இத்தனை எதிரெதிர்ப் பட்டங்களை ஒரே ஆளின் போட்டோவுக்குக் கீழே அடித்ததில்லை.

எங்கள் ஊர் மதுநாதசுவாமி கோயிலில் சனீஸ்வரனுக்குத் தனிச் சன்னதி உண்டு. சனிக்கிழமையானால் எள் விளக்குப் போட வெளியூர்க் கார்கள் வந்து நிற்கும். பதவி போனவர், பதவி கிடைக்காதவர், மறுநாள் வாய்தா இருக்கிறவர் என்று எல்லாரும் வருவார்கள். நளனைச் சனி பிடித்த கதையை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். கால் கழுவும்போது குதிகாலில் கொஞ்சம் நனையாமல் விட்டுவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அதற்கு நாடு போயிற்று, பெண்டாட்டியைக் காட்டில் விட்டான், இன்னொரு ராஜா வீட்டில் தேரோட்டவும் சமைக்கவும் போனான். தாங்கள் குதிகாலை ஒழுங்காகக் கழுவுகிறவர் போலிருக்கிறது. கையைப் பற்றிச் சனீஸ்வரன் கேட்பதில்லை.

தங்கள் ஜாதகம் அப்படி. 1983இல் இயக்கத்தில் சேர்ந்து கிழக்கின் தளபதியாக உயர்ந்தீர்கள். 2004 மார்ச்சில் வன்னித் தலைமையோடு முறித்துக்கொண்டீர்கள். ஏப்ரலில் வன்னிப் படை வெருகல் ஆற்றைத் தாண்டியதும், உங்களை நம்பி நின்ற பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு நீங்கள் கொழும்புக்குப் போனீர்கள். 2007 நவம்பரில் லண்டனில் பிடிபட்டபோது கையில் இருந்தது இலங்கை அரசின் தூதரகப் பாஸ்போர்ட். அதிலிருந்த பெயர் ஒரு சிங்களப் பெயர். தனி நாட்டுக்காக இருபது வருஷம் பிள்ளைகளைச் சாகக் கொடுத்தவருக்கு, எதிரி நாடு தன் பாஸ்போர்ட்டையே கொடுத்து அனுப்பியது, பெயரை மட்டும் மாற்றி. லண்டன் நீதிமன்றம் ஒன்பது மாதம் போட்டது. அதுவும் பொய்ப் பாஸ்போர்ட்டுக்கு. மற்றதற்கெல்லாம் வழக்குத் தொடுக்க ஆதாரம் போதவில்லை என்று பிரிட்டனின் அரசு வழக்குத்துறை கையை விரித்துவிட்டது.

ஊர் திரும்பிய கையோடு, 2008 அக்டோபரில் நாடாளுமன்ற உறுப்பினர். ஒரு வாக்காளர் வீட்டுத் திண்ணையிலும் நீங்கள் உட்கார வேண்டியிருக்கவில்லை. தேசியப் பட்டியல் என்று ஒரு கொல்லைவாசல் அங்கே இருக்கிறது. 2009 மார்ச்சில் அமைச்சர். எந்தத் துறைக்கு? தேசிய ஒருமைப்பாட்டுக்கும் நல்லிணக்கத்துக்கும். அதே மாதம், ‘பாதுகாப்பு வலயம்’ என்று அரசே பெயர் வைத்த புதுமாத்தளன் கடற்கரையில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. பதுங்குகுழி தோண்டினால் மணல் சரியும், தோண்டாவிட்டால் தலை போகும் என்று ஜனம் கிடந்தது. மற்ற நாட்டு அமைச்சர்கள் பாலம் திறப்பார்கள், ரிப்பன் வெட்டுவார்கள். நல்லிணக்க அமைச்சர், மே மாதம் நந்திக்கடல் ஓரம் போய், கிடத்தியிருந்த உடல் பழைய தலைவருடையதுதான் என்று அடையாளம் சொல்லிவிட்டு வந்தார். இணக்கம் அன்றைக்கு நல்லபடியாக நிறைவேறியது.

இந்தப் பக்கம் நாங்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். எங்களுக்கும் அப்போது தேர்தல் காலம். தமிழ்நாட்டு மேடைகளில் ஈழம் ஒரு நல்ல சீசன், குற்றாலத்துச் சாரல் மாதிரி. அருவி கொட்டுகிற வரை கடை போடுவார்கள், தண்ணீர் வற்றினால் தார்ப்பாயைச் சுருட்டிவிடுவார்கள்.

இலத்தூர் விலக்கு டீக்கடையில் உங்கள் பெயரை எடுத்தால் ஒரே வார்த்தையில் பைசல் பண்ணிவிடுவார்கள். துரோகி. சொல்லிவிட்டு வடையைக் கடிப்பார்கள். உங்கள் மேல் எனக்கிருக்கும் கோபத்தில் பாதியை நான் அந்த பெஞ்சுக்குத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். அவர்கள் கணக்கில் நீங்கள் செய்த ஒரே பிழை வன்னியை விட்டு வந்தது. வராமலே இருந்திருந்தால், உங்கள் படமும் வரிப்புலி உடுப்போடு எங்கள் ஊர் மாவீரர் நாள் பேனரில் சிரித்துக்கொண்டிருக்கும். 1990 ஜூனில் கிழக்கில் ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடைந்த நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே வருஷம் ஆகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். தமிழ் பேசுகிறவர்கள், சுஜூதில் இருந்தவர்கள். கடையநல்லூரும் தென்காசியும் புளியங்குடியும் இருக்கிற ஜில்லாவில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஈழ மேடையில் ஒருவர்கூட இதை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. போலீஸ்காரர்கள் விஷயத்தில் எனக்குச் சம்பந்தமில்லை என்று நீங்கள் மறுத்து வருகிறீர்கள். சம்பந்தம் உண்டா இல்லையா என்று கூண்டில் ஏற்றிக் கேட்க ஓர் அரசுக்கும் அவசரமில்லை. கொழும்புக்கு நீங்கள் வந்து சேர்ந்ததே போதும். இங்குள்ளவர்களுக்கோ நீங்கள் பிரிவதற்கு முன்னால் நடந்ததெல்லாம் போராட்டம், பின்னால் நடந்ததெல்லாம் துரோகம். செத்தவர்கள் எந்தப் பக்கத்திலும் சேர்த்தியில்லை.

செங்கோட்டையில் வாஞ்சிநாதனுக்குச் சிலை இருக்கிறது. 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். சுட்ட கையோடு ஸ்டேஷன் கழிவறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் சட்டைப் பையில் இருந்த கடிதத்தின் சனாதனக் கசப்பை அந்தச் சிலைக்கு மாலை போடுகிறவர்கள் பேசமாட்டார்கள். அது இருக்கட்டும். தங்களைப் போன்றவர்களிடம் அவர் பாடம் கேட்டிருந்தால் கழிவறைக்குப் போயிருக்க மாட்டார். நேரே கலெக்டர் ஆபீசுக்குப் போய், சட்டசபையில் நியமன உறுப்பினராக்கும்படி மனுக் கொடுத்திருப்பார்.

இனிப் பிள்ளைகள் விஷயம். நான் எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான்.

வீட்டுக்கு ஒருவர் என்பது இயக்கத்தின் கணக்கு. கிழக்கில் அதை வசூலித்தவர்கள் உங்கள் ஆட்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். 2004 ஏப்ரலில் நீங்கள் கலைத்துவிட்டபோது அவர்கள் நடந்தும் பஸ் ஏறியும் வீடு வந்து சேர்ந்தார்கள். தாய்மார்கள் அழுது, கும்பிட்டு, உள்ளே வைத்துப் பூட்டினார்கள். அப்புறம் வன்னி ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். அடுத்து, அரசோடு சேர்ந்த பிறகு, உங்கள் ஆட்களே மறுபடி வந்து தட்டினார்கள். 2006 நவம்பரில் ஐ.நா.வின் அலன் ராக் வந்து பார்த்துவிட்டு, கருணா அணி பிள்ளைகளைக் கடத்துவதற்கு அரசுப் படையில் சிலரே துணை போகிறார்கள் என்று பகிரங்கமாகச் சொன்னார். 2007 ஜனவரியில் மனித உரிமைக் கண்காணிப்பகம் தனி அறிக்கையே போட்டது. வீட்டிலிருந்து, வேலை செய்த இடத்திலிருந்து, கோயிலிலிருந்து, விளையாட்டுத் திடலிலிருந்து, ஒரு கல்யாண வீட்டிலிருந்துகூடப் பையன்களைத் தூக்கியிருக்கிறார்கள். அத்தனையும் ராணுவத்தின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதி. சோதனைச் சாவடியில் கிழவியின் முறுக்குப் பையைக் கொட்டிப் பார்க்கிற சிப்பாய்க்கு, பையன்கள் ஏற்றிய வண்டி மட்டும் கண்ணில் படவில்லை. தனி நாடு வேண்டும் என்றபோதும் பிள்ளை வேண்டியிருந்தது, ஒரே நாடு என்றபோதும் பிள்ளை வேண்டியிருந்தது. கொள்கைதான் மாறியது, சரக்கு அதேதான்.

அந்த அறிக்கைக்கு அடுத்த வருஷம் நாடாளுமன்றம், அதற்கும் அடுத்த வருஷம் நல்லிணக்கம், 2010இல் மீள்குடியேற்றப் பிரதி அமைச்சு. பிள்ளையைத் தொலைத்த தாய், மனுவோடு வந்து நிற்க வேண்டியது உங்கள் அலுவலக வாசலில். இந்த நியமனத்தை யோசித்தவர் யாரோ, அவர் கெட்டிக்காரர். பாதிக்கப்பட்டவள் வேறெங்கும் அலைய வேண்டாம் பாருங்கள்.

சட்டம் உங்களைத் தொடவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2016 நவம்பரில் கைது செய்தார்கள், ரிமாண்டில் வைத்தார்கள். எதற்கென்று இங்கே டீக்கடையில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் பள்ளிவாசல் என்றார், ஒருவர் பிள்ளைக் கடத்தல் என்றார். இரண்டும் இல்லை. அமைச்சராக இருந்தபோது வாங்கிய குண்டு துளைக்காத சர்க்கார் காரைத் திருப்பிக் கொடுக்கவில்லையாம். எத்தனையோ வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குக் கேட்காத அரசுக்கு ஒரு வண்டிக்குக் கணக்கு வேண்டியிருந்தது. வண்டிக்கு ரிஜிஸ்டர் உண்டு அல்லவா.

2020 ஜூனில், பிரதேச சபைக்காரர் ஒருவர் உங்களைக் கொரோனாவைவிட ஆபத்தானவர் என்று சொல்லிவிட்டார். மானமுள்ள வேட்பாளர் மறுப்பார். நீங்கள் மேடையேறி, ஆமாம், ஆனையிறவில் ஒரே இரவில் இரண்டாயிரம் மூவாயிரம் ராணுவத்தினரைக் கொன்றவன் நான் என்று ஒப்புக்கொண்டீர்கள். போட்ட ரோட்டையும் கட்டிய பள்ளிக்கூடத்தையும் சொல்லி ஓட்டுக் கேட்பார்கள். பிணக்கணக்கைச் சொல்லி ஓட்டுக் கேட்ட முன்னாள் நல்லிணக்க அமைச்சர் உலகத்தில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். சி.ஐ.டி. கூப்பிட்டு விசாரித்தது, அனுப்பியது. அம்பாறையில் இருபத்தொன்பதாயிரம் ஓட்டு விழுந்தது. உங்களுக்கும் ஆசனம் இல்லை, உங்களால் பிரிந்த ஓட்டில் தமிழருக்கு அங்கே ஓர் ஆசனமும் மிஞ்சவில்லை.

தனியாகப் பாராட்டினால் உங்கள் சகாக்கள் மனம் நோவார்கள். உங்களைப் போலவே ஆயுத இயக்கத்திலிருந்து அமைச்சரான டக்ளஸ் தேவானந்தாவின் கட்சி 1994இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் பத்து ஆசனங்களில் ஒன்பதைப் பிடித்தது. வாங்கிய ஓட்டு மொத்தம் 10,744. எங்கள் பக்கம் பெரிய ஊராட்சி ஒன்றில் தலைவராக வேண்டுமானாலே, அந்த ஒன்பது பேருக்குத் தலைக்கு விழுந்ததைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும். 1986 தீபாவளியன்று சென்னை சூளைமேட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் செத்துப்போன வழக்கில், சென்னை நீதிமன்றம் 1994இல் தேவானந்தாவைத் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்தது. 2010 ஜூனில் அவர் இலங்கை அதிபரின் குழுவில் ஒருவராக டெல்லிக்கு வந்து, பிரதமர் மன்மோகன் சிங்கோடு கைகுலுக்கிவிட்டுப் போனார். தமிழ்நாட்டுப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. டெல்லியில் தேட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உங்கள் அணியில் இருந்து பின் பிரிந்த பிள்ளையான் கதை இன்னும் ருசி. 2005 கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள் வைத்து, ஜோசப் பரராஜசிங்கம் எம்.பி. சுடப்பட்டார். அந்த வழக்கில் சிறையில் இருந்துகொண்டே பிள்ளையான் 2020இல் 54,198 விருப்பு வாக்கு வாங்கினார். சிறையிலிருந்து சபைக்கு வந்தார். 2021 ஜனவரியில் வழக்கை நடத்தப்போவதில்லை என்று அரசுத் தரப்பே சொல்ல, விடுதலையும் ஆனார். ஆகவே அவர் நிரபராதி, நானும் அப்படித்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். பரராஜசிங்கத்தைச் சுட்டது யார் என்று கேட்க ஆளில்லை. 2025 மார்ச்சில், பழைய பகையை மறந்து நீங்களும் அவரும் கிழக்குத் தமிழர் நலனுக்காக ஒப்பந்தம் போட்டுக் கூட்டணி கண்டீர்கள். ஏப்ரல் 8ஆம் தேதி அவரை வேறொரு கடத்தல் வழக்கில் பிடித்துக்கொண்டு போனார்கள். 2006இல் காணாமல்போன கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வழக்கு.

அதே 2025 மார்ச் 24ஆம் தேதி பிரிட்டன் உங்கள் மேல் பயணத் தடையும் சொத்து முடக்கமும் விதித்தது. பட்டியலில் நான்கு பேர்: சவேந்திர சில்வா, வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய, நீங்கள். முன்னாள் சிங்களத் தளபதிகள் மூவர், முன்னாள் தமிழ்த் தளபதி ஒருவர், ஒரே தாளில், ஒரே மரியாதையோடு. அமைச்சராக இருந்து உங்களால் முடியாத நல்லிணக்கத்தை லண்டன் குமாஸ்தா ஒருவர் டைப் அடித்து முடித்துவிட்டார்.

ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு ஓட்டுக் கேட்க வருகிறவனைக் கும்பிட்டு வரவேற்கிற கட்சி நான். அப்படி வந்து, தோற்று, மறுபடி நின்று, தெருத்தெருவாக ஏச்சு வாங்கியவர்கள் மற்ற இயக்கங்களிலும் இருக்கிறார்கள். கீழே வைக்கிறவன் முதலில் கணக்கை ஒப்படைக்க வேண்டும். இன்ன பிள்ளையை இன்ன நாளில் இன்ன இடத்தில் கூட்டிப்போனேன், இன்ன இடத்தில் புதைத்தேன் என்று. நீங்கள் ஒப்படைத்தது ராணுவத்துக்கு வேண்டிய கணக்கை. தாய்மார்களுக்கு வேண்டிய கணக்கு இன்னும் உங்களிடமே இருக்கிறது.

அந்தத் தாய்மார்களில் சிலர் பிள்ளையைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து படகேறி இந்தக் கரைக்கு வந்தார்கள். திருநெல்வேலிச் சீமை முகாம்களில் இருக்கிறார்கள். ஆள் கணக்கு எடுக்க ஆர்.ஐ. வருகிற நாளில் கூலி வேலைக்குப் போக முடியாது, வரிசையில் நின்று முகத்தைக் காட்ட வேண்டும். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைக்கு 500. க்யூ பிரிவுப் போலீஸ் பெயரைக் குறித்துக்கொள்ளும். இங்கேயே பிறந்து, இங்கேயே பட்டம் வாங்கிய பையனுக்கும் இந்தியக் குடியுரிமை இல்லை. 2019இல் சட்டத்தைத் திருத்தி அண்டை நாட்டு அகதிகள் சிலருக்குக் கதவு திறந்தபோது, இலங்கையிலிருந்து வந்தவர்களை வெளியே நிறுத்தினார்கள். பிடிக்க வந்தவருக்குத் தூதரகப் பாஸ்போர்ட், ஓடி வந்தவளுக்கு ஆள் கணக்கு.

நீங்கள் வீட்டுக்கு அனுப்பிய அந்தப் பதினான்கு வயதுக்காரர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து தாண்டியிருக்கும். எல்லாரும் வாக்காளர்கள். தேர்தல் மறுபடி வரும், நீங்களும் மறுபடி நிற்பீர்கள், அவர்கள் வீட்டுப் படலையையும் தட்டுவீர்கள். அவர்களுக்கு இப்போது பதினான்கு வயதில் பிள்ளைகள் இருக்கலாம். கைகூப்பிக்கொண்டு நிற்கும்போது பழைய பழக்கத்தில் வாய் தவறி, வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டுத் தொலைக்காதீர்கள்.

இப்படிக்கு,
இலத்தூர்க்காரன்