நவம்பர் ஒன்றா, ஜூலை பதினெட்டா?

ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் பூஜை போட்டு, அடுத்த வருஷக் காலண்டருக்கு ஆல்பம் வெளியிடுவார்கள். அமாவாசை, கிருத்திகை, கரிநாள் எதுவும் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தால் வேலை முடிந்தது. தமிழ்நாட்டின் பிறந்தநாளைத்தான் எந்தப் பஞ்சாங்கமும் சொல்லாது. அதற்குக் கோட்டையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

2019-இல் எடப்பாடி பழனிசாமி அரசு நவம்பர் 1 என்றது. 1956-இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்த நாள். அந்த விழாவுக்கு வயது இரண்டு. 2021 அக்டோபர் 30 அன்று, நவம்பர் பிறக்க இரண்டு நாள் இருக்கையில், ஸ்டாலின் அரசு அறிவித்தது: அது இல்லையாம், ஜூலை 18-தானாம். 1967-இல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிய நாள். அந்தக் காலத்தில் பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் தன் வசதிக்கு ஒரு தேதி எழுதிக்கொள்வாரே, அந்தக் கதைதான். வாத்தியாராவது ஒரு தடவைதான் எழுதினார்.

செங்கோட்டைக்காரர்களுக்கும் கன்னியாகுமரிக்காரர்களுக்கும் நவம்பர் 1-இல் அர்த்தம் உண்டு. அன்றுதான் அவர்கள் இந்தப் பக்கம் வந்தார்கள். தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கமே தங்கிப்போனதும் அன்றுதான். எல்லை கொடுத்தவனின் நாள் அது. பெயர் வைத்தவனின் நாள் ஜூலை 18. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல ஒருத்தருக்கு மனசு வரவில்லை. ஒன்று எங்கள் நாள், இன்னொன்று அவன் நாள். சட்டமன்றத்தில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானத்துக்கு வந்த கதி இது.

இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் ஒரு மனுஷன் கிடக்கிறார். விருதுநகர் சங்கரலிங்கனார். கதர் கட்டிய காங்கிரஸ்காரர். 1956 ஜூலை 27-இல் தமிழ்நாடு என்ற பெயரையும் கேட்டுப் பட்டினி உட்கார்ந்தவர், அக்டோபர் 13-இல் மதுரையில் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அன்றைக்கு முதலமைச்சர் யார்? அதே விருதுநகர்க்காரரான காமராஜர். தன் கட்சிக்காரர், தன் ஊர்க்காரர், தன் ஊரிலேயே பட்டினி கிடந்தும் அரசு அசையவில்லை. நொந்துபோன கிழவர், தன் உடலைக் கம்யூனிஸ்டுகளிடம் ஒப்படைக்கச் சொல்லிவிட்டுப் போனார். காமராஜரைக் கும்பிடுகிறவன்தான் நான். இதைச் சொல்லும்போது எனக்கும் நெஞ்சு உறுத்தும்.

அவர் கேட்டவை பன்னிரண்டு. மொழிவழி மாநிலமும் பெயரும் அதில் இரண்டு. ஆள்கிறவர்கள் ஆடம்பரத்தை விட வேண்டும் என்றும் கேட்டார். ரயிலில் எல்லாருக்கும் ஒரே வகுப்பு என்றார். நாடு முழுக்க மதுவிலக்கு என்றார். இப்போது ஜூலை 18 வந்தால் அவருடைய படம் ஃபிளெக்ஸ் பேனரின் மூலையில் தீப்பெட்டி லேபிள் அளவுக்கு வருகிறது. நடுவில் யார் சிரித்துக்கொண்டு நிற்கிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நடக்கவிட்டு, அட்டை பிடிக்கவைத்து, கட்டுரைப் போட்டியும் நடத்துகிறார்கள். அந்தப் பன்னிரண்டையும் எழுதச் சொல்லி ஒரு போட்டி வைத்துப் பாருங்களேன். முதல் பரிசு கொடுக்க எந்த மந்திரி மேடையேறுவார்?

ஜூலை 18-க்குப் பத்து நாள் முன்னால் இன்னொரு தேதி இருக்கிறது. ஜூலை 8. 1898-இல் அன்றுதான் ராஜபாளையத்தில் பூ.ச. குமாரசாமி ராஜா பிறந்தார். 1950 ஜனவரி 26-இல் இந்தியா குடியரசானபோது சென்னை மாகாணத்தின் பிரதமர் அவர். அன்றுமுதல் அந்தப் பதவிக்கு முதலமைச்சர் என்று பெயர். முதலமைச்சர் என்ற பெயரோடு ஆண்ட முதல் ஆள் எங்கள் ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசியவர். இதை எங்கள் ஊர் ஜவஹர் மைதானத்தில் மைக் பிடித்துச் சொன்னால், அவருடைய ரத்தத்தைப் பரிசோதிக்க இப்போது ஒரு கட்சி தயாராக இருக்கிறது.

அவரைக் குறையில்லாத மனுஷர் என்று நான் சொல்ல வரவில்லை. 1950 பிப்ரவரியில் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொல்லப்பட்டது அவர் ஆட்சியில்தான். கோயில்களை அரசாங்கத்தின் பிடியில் இறுக்கிய 1951-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டமும் அவர் காலத்ததுதான்; என் போன்ற பழைய ஆட்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆனால் 1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார், எழுந்து வீட்டுக்குப் போனார். முதல்வர் நாற்காலிக்குப் பின்வாசல் தேடவில்லை. (மேலவை வழியாக முதல்வர் நாற்காலிக்கு வந்தவர் எங்கள் ராஜாஜி. அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.) பிறகு அந்த வீட்டையும் ஊருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு அதுதான் காந்தி கலை மன்றம். முதலமைச்சராக இருந்தவர் இருந்த வீட்டையும் கொடுத்தார் என்றால், இந்தக் காலத்துக் கவுன்சிலர் முதலில் கேட்பது, யார் மிரட்டினார்கள் என்றுதான்.

டெல்லியில் இருக்கும் எங்கள் ஆட்கள் மட்டும் என்ன சளைத்தவர்களா? 2015-இல் நவம்பர் 26-ஐ அரசியல் சாசன நாள் ஆக்கினார்கள். 2024-இல், நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட ஜூன் 25-ஐ அரசியல் சாசனப் படுகொலை நாள் என்றார்கள். ஒரே சாசனத்துக்கு மாலையும் போட்டு, திதியும் கொடுக்கிற சாமர்த்தியம்! நெருக்கடி நிலை கொடுமைதான், மறுக்கவில்லை. அதைத் திட்டிக்கொண்டே அதிலிருந்து பாடம் படித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. ஆண்டாள் விஷயமும் அப்படியே. 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிப் பேசினார், அதை எதிர்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் உண்ணாவிரதம் நடந்தது. அந்த ஒரு மாதம் ஆண்டாளுக்காக டிவியில் தொண்டை கிழியக் கத்தியவர்களில் எத்தனை பேருக்குத் திருப்பாவையில் முழுசாக நாலு பாட்டு வரும்? அடுத்த மார்கழியில் அவர்களை நான் கோயில் பக்கம் பார்க்கவில்லை.

அந்த ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம்தான் அரசு முத்திரையில் இருப்பது என்பார்கள். கீழே ‘வாய்மையே வெல்லும்’. தாசில்தார் நோட்டீஸிலும் அந்தக் கோபுரம், மந்திரி கடிதத்திலும் அந்தக் கோபுரம். சாராயக் கடை நடத்துவதும் அதே முத்திரைக்காரர்கள்தான். 1948 காந்தி ஜெயந்தியில் ஓமந்தூரார் மாகாணம் முழுக்கக் கொண்டுவந்த மதுவிலக்கை 1971-இல் கருணாநிதி திறந்துவிட்டார், 1983-இல் எம்.ஜி.ஆர் டாஸ்மாக் தொடங்கினார். 2003-இல் ஜெயலலிதா சில்லறை விற்பனையையும் அரசின் கையில் எடுத்தார். தேதிக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு கழகங்களும் இதில் மட்டும் அண்ணன் தம்பி. 2023-24-இல் டாஸ்மாக்கில் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். நாளொன்றுக்குக் கணக்குப் போட்டால் 120 கோடியைத் தாண்டும்.

குடியரசு நாளுக்குக் கடை அடைப்பு உண்டு, சுதந்திர நாளுக்கு உண்டு, காந்தி ஜெயந்திக்கு உண்டு. திருவள்ளுவருக்கும் மகாவீரருக்கும் வள்ளலாருக்கும் உண்டு. மதுவிலக்கையும் கேட்டுப் பட்டினி கிடந்து செத்தவரின் பெயரைச் சொல்லிக் கொண்டாடுகிற ஜூலை 18-க்கு இல்லை. காலையில் அவர் தியாகத்தைப் பற்றிச் சொற்பொழிவு. பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிடுவார்கள்.