சூரியன் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் ஊர்

பட்டனை அமுக்க ஒரு விரல் போதும். அதைக் காலேஜில் போய் வருஷக்கணக்கில் படிக்க வேண்டுமா?
— ஒரு தந்தை, உத்தமபாளையம்

அடுப்பைப் பற்றவைக்க ஒரு குச்சி போதும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையல்காரரை விட்டுவிட்டுத் தீப்பெட்டியைக் கூப்பிடுங்கள்.

பிளஸ் டூ முடித்துவிட்டேன். போட்டோகிராபியை எங்கே படிக்கலாம்?
— தேவாரம்

தம்பி, நம் பக்கம் யாரைக் கேட்டாலும் 'விஸ்காம்' என்பார்கள். அது முழுச் சாப்பாடு. போட்டோகிராபி அதில் ஒரு கூட்டு. விளம்பரம், கிராபிக்ஸ், குறும்படம் எல்லாம் இலையில் விழும். கூட்டு மட்டும் போதும் என்றால் ஹைதராபாத் ஜவாஹர்லால் நேரு கட்டடக்கலை, நுண்கலைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷப் பட்டம் இருக்கிறது. ஏதோ ஒரு டிகிரி முடித்த பிறகு என்றால் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்தில் முதுகலை. சினிமா கேமராதான் ஆசை என்றால் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம், பி.சி.ஸ்ரீராம் படித்த இடம். 'தூரமாச்சே' என்று வீட்டில் இழுத்தால் பாலு மகேந்திராவைச் சொல். மட்டக்களப்பில் பிறந்தவர், புனேயில் படித்து 1969-ல் தங்கப் பதக்கத்தோடு வந்தார். உனக்கோ 2023 ஜூன் முதல் போடியிலேயே ரயில். ராத்திரி ஏறினால் காலையில் சென்னை.

எந்த கேமரா வாங்கலாம்?
— சின்னமனூர்

கடன் கொடுத்தவர் கண்ணில் படாத சைஸில் ஒன்று.

'கோல்டன் அவர்' என்று யூடியூபில் சாயங்காலம் படம் எடுக்கச் சொல்கிறார்கள். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் வெயிலே போய்விடுகிறதே?
— தேவாரம்

போகவில்லை ஐயா, மலை பிடுங்கிக்கொள்கிறது. யூடியூப்காரர் சமவெளியில் நிற்கிறார்; அவருக்குச் சூரியன் தரை வரை இறங்கி வந்து விடைபெறும். நமக்கு மேற்கே தரை ஏது? மேற்குத் தொடர்ச்சி மலைதான். மற்ற ஊரில் சூரியன் அஸ்தமிக்கும். நம் ஊரில் அது எஸ்டேட் பக்கம் தாண்டிப் போய்விடும். அந்தப் பக்கம் கேரளாக்காரர் பொன் வெயிலில் குளித்துக்கொண்டிருப்பார். இந்த அநியாயத்தை நான் எத்தனையாவது தடவை எழுதுகிறேன் என்று எண்ணிச் சொல்பவருக்கு ஒரு ஏலக்காய் டீ.

மலைமேல் கேஸ் போட முடியாது. ஆனால் சாயங்காலம் பிடுங்கியதைக் காலையில் வட்டியோடு திருப்பித் தந்துவிடும். நம் பக்கத்துச் சரிவுகள் கிழக்கே பார்த்தவை. முதல் வெயில் உச்சியில் பட்டு, மஞ்சள் பூசினாற்போல மெல்ல அடிவாரத்துக்கு இறங்கும். எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலமும் வீண் இல்லை. ஊர்மேல் மலை நிழல் விழுந்த பிறகும் வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருக்கும். கண் கூசாது, மூக்கு நிழல் உதட்டில் விழாது. முகங்களை எடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை. ஸ்டூடியோக்காரர் வெள்ளைக் குடை விரித்துக் காசு வாங்கிக்கொண்டு செய்வதை மலை சும்மா செய்கிறது.

கல்யாணத்துக்கு முன்பு எடுக்கும் போட்டோ ஷூட் பற்றி?
— போடி

போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் நடுரோட்டில் படுத்துக்கொண்டு காதலைக் காட்டியவர்களை நேற்றும் பார்த்தேன். லாரிக்காரர் காட்டிய பொறுமைதான் உண்மையான காதல்.

அந்தக் காலத்தில் போட்டோஷாப் இல்லை. படத்தில் உண்மை இருந்தது. சரிதானே?
— மேலச்சொக்கநாதபுரம்

லின்னேயஸ் டிரைப் என்று ஒரு ராணுவ அதிகாரி. சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர். 1858-ல் மதுரைக்கு வந்து கோயிலையும் நாயக்கர் மகாலையும் படம் பிடித்தார். அந்தக் காலக் காகித நெகடிவில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். மனிதர் பார்த்தார், நெகடிவ் மேலேயே சாயம் தொட்டு மேகம் வரைந்துவிட்டார். மதுரை வானத்தில் மேகம்! வைகைக்கரைக்காரர் யாராவது அதை அன்றைக்கே நம்பியிருப்பாரா?

இன்னொன்றும் கேளுங்கள். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் சென்னையில் ஓர் ஓவியப் பள்ளி ஆரம்பித்தார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதுதான். அங்கே அந்தக் காலத்திலேயே போட்டோகிராபி சொல்லிக் கொடுத்தார்கள். இந்தப் படிப்பை 'இப்போ வந்த மோகம்' என்கிறவர்களின் கொள்ளுத் தாத்தாவுக்கு அப்போது பல் முளைத்திருக்காது.

நாயைப் படம் எடுப்பது எப்படி?
— கோம்பை

கோம்பை நாயா? நீளமான லென்ஸ், அதைவிட நீளமான தூரம்.

படித்துவிட்டுத் திரும்பினால் நம் ஊரில் என்ன வேலை?
— ராசிங்கபுரம்

ஏலக்காய்க்கும் முகவெட்டு உண்டு. காய் பச்சையாக, எட்டு மில்லிமீட்டருக்கு மேல் பருமனாக இருந்தால் அது கதாநாயகி. ஆன்லைனில் விற்கிறவருக்கெல்லாம் இன்று அதன் படம் வேண்டும். டியூப்லைட்டுக்குக் கீழே வைத்து எடுத்தால் காயில் இல்லாத பச்சையைக் கேமரா சேர்த்துவிடும். அதைச் சரிசெய்ய 'ஒயிட் பேலன்ஸ்' என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை ஒழுங்காகப் படித்தவன் காயை உள்ளபடி காட்டுவான். தலைகீழாகப் படித்தவனுக்குத்தான் கிராக்கி அதிகம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு டீ வாங்கித் தருவதே வியாபாரிகள்தான்.

போட்டோகிராபியில் பட்டம் வாங்காமல் பெரிய ஆள் ஆனவர் ஒருவருமா இல்லை?
— பண்ணைப்புரம்

மா.கிருஷ்ணன். நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். படித்தது தாவரவியலும் சட்டமும். படம் பிடித்தது யானையை. வெவ்வேறு பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே ஒரு ராட்சசக் கேமராவைக் கட்டி, 'சூப்பர் பாண்டெரோசா' என்று பேரும் வைத்தார். 1970-ல் பத்மஸ்ரீ. அவரைப் போல ஆயுசு முழுக்கக் காடு காடாக அலைய முடியும் என்றால் காலேஜ் வேண்டாம். இல்லையென்றால் ஃபீஸ் கட்டுங்கள்.

அம்மா தினமும் விடியுமுன் ஜீப்பில் ஏறி மலைக்குக் காய் எடுக்கப் போகிறார். எனக்குப் போட்டோகிராபி படிக்க ஆசை. 'நமக்கு எதுக்குடி இதெல்லாம்' என்கிறார். ஆசைப்பட்டது தப்பா?
— ஒரு மாணவி, தேவாரம்

தப்பே இல்லை, தாயி. அம்மா கேட்பதும் தப்பில்லை. அன்றாடக் கூலியில் வீடு நடத்துகிறவரை லென்ஸ் விலை பயமுறுத்தத்தான் செய்யும். அதனால் கணக்கிலிருந்து ஆரம்பி. முதலில் அரசு நிறுவனங்களைப் பார். எங்கே போனாலும், மாணவர்களுக்குக் கேமரா இரவல் தருவார்களா என்று சேருமுன் கேள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, விசாரித்து வை. அதுவரை கையில் இருக்கும் போன் போதும்.

காலேஜில் என்ன கிடைக்கும்? உன் படத்தைப் பத்துப் பேர் நடுவில் வைத்து, 'ஏன் இங்கே நின்றாய், ஏன் அதை விட்டாய்' என்று குடைவார்கள். அழுகை வரும். பதில் சொல்லத் தெரிந்துகொண்ட அன்று நீ படித்துவிட்டாய்.

நம் மலைக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பனியையும் சூரிய உதயத்தையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஜீப்பில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து போகிறவர்களின் படம் பேப்பரில் வருவது, பெரும்பாலும் ஜீப் கவிழ்ந்த மறுநாள்தான். மற்ற நாட்களின் படம் யாரிடமும் இல்லை. அந்த ஜீப்பில் யார் பாடுவார், யாருக்கு முட்டி வலி என்று உனக்குத் தெரியும். எந்தப் பல்கலைக்கழகமும் அதைச் சொல்லித் தர முடியாது.

இன்று சாயங்காலம் அம்மா இறங்கி வரும்போது, மேலே சொன்னேனே, அந்த நிழல் வெளிச்சம் அவர் முகத்தில் இருக்கும். கேட்டுவிட்டு எடு. வேண்டாம் என்றால் விட்டுவிடு, அதுவும் பாடம்தான். எடுத்தால், முதலில் அவரிடம் காட்டு.

உங்கள் போட்டோவை ஏன் இந்தப் பகுதியில் போடுவதில்லை?
— சில்லமரத்துப்பட்டி

நாலு தடவை எடுத்தார்கள். நாலிலும் மலை நன்றாக விழுந்திருக்கிறது.