பொருள்: எங்களையும் யாத்ரீகர்களாக அங்கீகரிக்கக் கோருதல்

பெறுநர்: துணைத் தலைவர் அவர்கள், திருப்பதி நகர்ப்புற வளர்ச்சிக் குழுமம் (துடா), திருப்பதி.

பார்வை: காலை ஒன்பது மணிக்கு ஊருக்குள் நுழையும் எந்தச் சாலையும்.

ஐயா,

நேரத்தை நிமிடக் கணக்கில் அளப்பது அரசாங்கத்தால் ஆகாத காரியம் என்று யாராவது சொன்னால் அவரைத் திருமலை அடிவாரத்து அலிபிரி சோதனைச் சாவடிக்கு அனுப்பிவையுங்கள். மலை ஏறும் வண்டி 28 நிமிடத்துக்கு முன்னால் மேலே போய்விடக் கூடாது. இறங்கும் வண்டி 40 நிமிடத்துக்கு முன்னால் கீழே வந்துவிடக் கூடாது. மீறினால் அபராதம். சீக்கிரம் வந்ததற்கு அபராதம் போடும் அளவுக்கு இங்கே நேரம் கணக்கில் இருக்கிறது. சர்வ தரிசனத்துக்கு வந்தவர் விஷ்ணு நிவாசம், சீனிவாசம் விடுதிகளில் டோக்கன் வாங்கினால், எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று அதிலேயே அச்சாகியிருக்கும். ஆனால் அதே ஊரில் பத்து மணி ஆபீசுக்கு ரேணிகுண்டாவிலிருந்தோ சந்திரகிரியிலிருந்தோ கிளம்புகிறவர் எத்தனை மணிக்கு வந்து சேர்வார் என்பதை எந்தத் துறையும் எந்தச் சீட்டிலும் அச்சிட்டதில்லை. ஆகவே எங்கள் கோரிக்கை எளிது. நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறவர்கள் அல்ல, தினமும் வருகிறவர்கள் என்ற ஒரே குறையை மன்னித்து எங்களையும் யாத்ரீகர்களாக அங்கீகரிக்க வேண்டும்.

இது வெறும் வயிற்றெரிச்சல் என்று கோப்பை மூடிவிடாதீர்கள். ஊரின் மேல் ஏழு கிலோமீட்டருக்கு ஓடும் மேம்பாலத்தைப் பாருங்கள். கருட வாரதி என்று தொடங்கி சீனிவாச சேது என்று பெயர் மாறி, 2023 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. செலவில் பெரும் பங்கு திருமலை திருப்பதி தேவஸ்தானத்துடையது. வெளியூர் வண்டி ஊருக்குள் சிக்காமல் அலிபிரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதாவது ஊரின் மிகப் பெரிய சாலைத் திட்டம் ஊரைத் தொடாமல் போவதற்காகப் போடப்பட்டது. உள்ளூர்க்காரரும் அதில் போகலாமே என்பீர்கள். போகலாம்தான், ஆபீஸ் அலிபிரியில் இருந்தால். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி புது மாவட்டமாக உதயமானபோது கலெக்டர் ஆபீசுக்கு இடம் எங்கே கிடைத்தது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. திருச்சானூரில் யாத்ரீகர்கள் தங்குவதற்காகத் தேவஸ்தானம் கட்டிய பத்மாவதி நிலையம் அது. கொரோனா காலத்தில் நோயாளிகள் படுத்திருந்த கட்டடத்தில் பிறகு கோப்புகள் வந்து உட்கார்ந்தன. விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போய்த் திரும்பியது. மாவட்ட நிர்வாகமே இந்த ஊரில் யாத்ரீகர் விடுதியில்தான் இடம் பிடிக்க முடிந்தது என்றால், மனு கொடுக்க வந்தவர் தன்னையும் யாத்ரீகராக எழுதிக்கொள்ளச் சொல்வதில் என்ன தவறு?

இனி சித்தூர் விஷயம். 1911 முதல் மாவட்டத் தலைநகரம் சித்தூர்; 2022 வரை திருப்பதியும் அந்த மாவட்டத்தில்தான். கலெக்டர், மாவட்ட நீதிமன்றம், கருவூலம் எல்லாம் அங்கே. ஆனால் பல்கலைக்கழகமும் பெரிய ஆஸ்பத்திரிகளும் பிள்ளைகளுக்கான கோச்சிங் சென்டர்களும் சுமார் எழுபது கிலோமீட்டர் தள்ளித் திருப்பதியில். ஆக, சித்தூர் உத்தியோகத்துக்குத் திருப்பதியே புறநகர் ஆயிற்று. இத்தனைக்கும் வீட்டு வாடகைப் படி வேலை பார்க்கும் ஊரை வைத்துத்தான். வாடகை கொடுக்கும் ஊரை வைத்து அல்ல. மனிதர்கள் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் போக்குவரத்துக்கு ஒரு நாளில் மொத்தமாக ஒரு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள் என்று 1994இல் எழுதினார் இத்தாலிய அறிஞர் சேசரே மார்க்கெட்டி. அவர் திருப்பதி–சித்தூர் வழியில் பாகாலாவில் எதிர் ரயிலுக்கு வழிவிட்டு நிற்கும் பாசஞ்சரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அந்தக் கட்டுரையை மாற்றி எழுதியிருப்பார். சித்தூர் பஸ்ஸில் அவருடைய ஒரு மணி நேரம் ஒரு வழிக்கே போதாது.

மாவட்டத்தைப் பிரித்ததும் இது தீர்ந்துவிட்டதே என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஆள் வீடு மாறாமல் ஆபீசையே வீட்டுப் பக்கம் கொண்டுவந்தது புத்திசாலித்தனமான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் 2022இல் கோடு போட்டவர்கள் நகரி சட்டமன்றத் தொகுதியின் நடுவே ஸ்கேலை வைத்தார்கள். புத்தூரும் வடமாலப்பேட்டையும் திருப்பதி மாவட்டத்துக்கு; நகரியோ சித்தூருக்கே. நகரிக்காரருக்குத் திருப்பதிதான் பக்கம், கலெக்டர் மட்டும் தூரத்திலேயே நின்றார். நெல்லூரை ஒட்டியிருந்த கூடூரை அப்போது திருப்பதியோடு சேர்த்தார்கள். ஒருவருக்குக் குறைந்த தூரம் இன்னொருவர் கணக்கில் ஏறியது. தூரத்தை ஒழிக்கவில்லை, இடமாற்றம் செய்திருக்கிறார்கள். அரசு ஊழியருக்கு அது பழகின சொல்தான்.

இந்த நிலையில் ஒருவர் எங்கே மனை வாங்குவது? உங்கள் அங்கீகார எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வரும் லேஅவுட் நோட்டீஸ் ஒவ்வொன்றும் ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம்’ என்கிறது. எந்த வண்டியில், எந்த நேரத்தில் என்பது இல்லை. ஞாயிறு விடியற்காலையில் புரோக்கரின் காரில் போனால் பத்து நிமிடம் சரியாகவே இருக்கும். திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் நான்காவது ஆளாகத் தொங்கும்போதுதான் அது யாருடைய பத்து நிமிடம் என்பது புரியும். ‘தூரம் என்றால் விலை குறைவுதானே, லாபம் அவர்களுக்குத்தானே’ என்று பொருளாதாரம் படித்தவர் கேட்கலாம். சுவிட்சர்லாந்தின் ஸ்டுட்சர், ஃப்ரே என்ற இருவர் ஜெர்மன் குடும்பங்களின் பல ஆண்டுத் தரவுகளை வைத்து இதைத்தான் சோதித்தார்கள். தூரத்திலிருந்து வேலைக்குப் போகிறவருக்குச் சம்பளத்திலோ வாடகையிலோ கிடைக்கும் ஆதாயம் பயணத்தில் இழப்பதை ஈடுகட்டுவதில்லை என்பது 2008இல் வெளியான அவர்கள் முடிவு. வாங்கும்போது சதுர அடி கண்ணுக்குத் தெரிகிறது, நிமிடம் தெரிவதில்லை. விலையைத் தானே பார்த்து வாங்கக்கூடியவர் கதை இது. 2020 டிசம்பரில் மாநில அரசு தொடங்கிய வீட்டுமனைத் திட்டத்தில் நகரத்து ஏழைக்குக் கிடைத்தது ஒரு சென்ட்; அது எந்தத் திசையில் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. ஊரைக் கூட்டுகிறவர்தான் ஊருக்கு மிகத் தூரத்தில் போய் விழுகிறார்.

யாத்ரீகர் இல்லாவிட்டால் திருப்பதியே இல்லை என்பது வலுவான மறுப்பு. உண்மையும்கூட. நாளுக்கு 60 முதல் 80 ஆயிரம் பேர் வருகிற ஊர், அவர்களை முதலில் நினைப்பது நியாயம். ஆனால் அவர்களுக்கு டோக்கன் கொடுக்கிறவரும் அறையைப் பெருக்குகிறவரும் இட்லி ஊற்றுகிறவரும் காலையில் எங்கிருந்தோ வந்து சேர்ந்தாக வேண்டும். மலைமேல் அவர்கள் வீடு வாங்க முடியாது. 28 நிமிடக் கணக்கு அலிபிரியில் தொடங்குகிறது. அலிபிரிக்கு வந்து சேரும் வரைக்கும் ஆன நேரம் யாருடைய கணக்கிலும் இல்லை. 2025 ஆகஸ்ட் 15 முதல் பெண்களுக்குப் பல்லெ வெலுகு, எக்ஸ்பிரஸ் பஸ்களில் கட்டணமில்லாத பூஜ்ய டிக்கெட். நல்ல காரியம், பலருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதி மிச்சம். பஸ் வராமல் நின்ற நேரத்துக்கு மட்டும் இன்னும் பூஜ்ய டிக்கெட் கிழிக்கவில்லை.

எனவே துடாவிடம் நாங்கள் கேட்பது இரண்டே. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் உத்தரவில் சாலை அகலம், பூங்கா, கழிவுநீர் ஆகியவற்றோடு இன்னொரு வரி சேருங்கள்: வேலை நாளில் காலை எட்டரைக்கு, பஸ்ஸில், இந்த இடத்திலிருந்து திருப்பதி பஸ் நிலையத்துக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் ஆகும் நிமிடம். தவறாக எழுதினால், அலிபிரி போலவே அபராதம். இந்த முறை தாமதத்துக்கு. அடுத்து, திருப்பதி–பாகாலா–காட்பாடி ஒற்றை ரயில் பாதையின் 104 கிலோமீட்டரையும் 1,332 கோடி ரூபாயில் இரட்டையாக்க 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. தண்டவாளம் வரும் முன்பே சந்திரகிரி, பாகாலா ஸ்டேஷன்களிலிருந்து நடக்கும் தூரத்தில் அடுக்குமாடிக்கு இடம் ஒதுக்குங்கள். அந்த ரயிலை நம்பி வீடு பார்க்கிறவர் ஸ்டேஷனுக்கு வர ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தால், பாதை இரண்டாக இருந்தென்ன, நான்காக இருந்தென்ன? சித்தூருக்குத் தனி வளர்ச்சிக் குழுமம் இருக்கிறது. இந்தக் கடிதத்தின் நகல் அவர்களுக்கும் போகிறது. இரண்டு குழுமங்களும் ஒருமுறை கூடிப் பேசுவதென்றால், கூட்டத்தைக் காலை பத்து மணிக்குச் சித்தூரில் வைக்கவும். திருப்பதி அதிகாரிகள் பஸ்ஸில் வரட்டும்.

இப்படிக்கு,
டோக்கன் இல்லாத தினசரி யாத்ரீகர்கள்