சர்வரைச் சரிசெய்ய வேண்டாம்

அனுப்புநர்:
அரசுப் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கும் பெற்றோர் சிலர்.

பெறுநர்:
சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்,
கல்லூரிச் சாலை, சென்னை – 6.

பொருள்: பள்ளிக் கல்வி – எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை) இணையதளம் மற்றும் டிஎன்எஸ்இடி செயலி – அடிக்கடி முடங்குதல் – மேற்படி முடக்கத்தைத் தொய்வின்றித் தொடரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 27.
2. வாட்ஸ்அப் செய்தி, 'மோஸ்ட் அர்ஜென்ட்', நாள்: எல்லா நாளும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

சர்வர் வேலை செய்யவில்லை என்று உங்களுக்கு வரும் புகார்களை அடுக்கினால் வளாகத்துக்கு இன்னொரு மாடி கட்டிவிடலாம். இது அந்த ரகக் கடிதம் அல்ல. நன்றி சொல்ல எழுதுகிறோம். சர்வர் படுத்துக் கிடக்கும் நேரத்தில்தான் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கிறது.

கல்லூரிச் சாலையிலிருந்து பார்த்தால் இது தெரியாது. ஈராசிரியர் பள்ளி என்று நம் மாநிலத்தில் ஊருக்கு ஊர் உண்டு. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர், அதாவது காலை உணவு, மதிய உணவு, சீருடை, புத்தகப்பை, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர்தான் புகைப்படக் கலைஞர். மிச்சமிருக்கும் ஒருவர் காலையில் வருகைப் பதிவுக்காகக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போகிறார். முப்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் அதே நேரத்தில் அதே பொத்தானை அழுத்துகிறார்கள். வட்டம் சுற்றுகிறது. லாக் அவுட் செய்து லாக் இன் செய்யவும் என்று வட்டார வள மையத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அறிவுரை வருகிறது. பிறகு செயலியை நீக்கிவிட்டுப் புது வெர்ஷனை இறக்கவும் என்று இன்னொன்று. கடைசியாக, 'சர்வர் பிரச்சினை, மாலையில் முயலவும்' என்று ஒரு செய்தி வரும். அதைப் படித்ததும் ஆசிரியர் முகத்தில் வரும் தெளிச்சியை நீங்கள் பார்க்க வேண்டும். கைப்பேசியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, "எடுங்கடா புத்தகத்த" என்கிறார்.

ஆகவேதான் இந்த விண்ணப்பம். இழுப்பறையில் அந்தக் கைப்பேசி கொஞ்ச நேரம் கூடுதலாகக் கிடக்கட்டும்.

நாங்கள் கணினிக்கு எதிரிகள் என்று எழுதிவிடாதீர்கள். எமிஸ் வந்ததில் நல்லது நடந்திருக்கிறது, அதை மறைக்க மாட்டோம். செங்கல் சூளைக்குத் தாய் தகப்பனோடு போன பிள்ளை எந்த மாவட்டத்தில் இருக்கிறது, திரும்பப் பள்ளியில் சேர்ந்ததா, பெயர் இன்னும் பள்ளியை விட்டுப் போனவர்களுக்கான காமன் பூலில் தொங்குகிறதா என்று இன்று தேடிப் பார்க்க முடிகிறது. முன்பெல்லாம் அந்தப் பிள்ளை பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடாகி மறைந்துவிடும். ஒரே பிள்ளை இரண்டு பள்ளிக் கணக்கில் வந்ததும், இல்லாத பிள்ளைக்குச் செருப்பு வந்ததும் குறைந்திருக்கிறது. காகிதக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவும் நாங்கள் தயாரில்லை. போன வருஷத்துப் பாடக்குறிப்பைத் தேதி மட்டும் மாற்றி எழுதி, பார்வைக்கு வரும் அலுவலருக்கு இளநீரோடு நீட்டிய காலம்தானே அது.

பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்டால் எமிஸ் நன்றாகவே பதில் சொல்கிறது. பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அதனிடமே கேட்கத் தொடங்கியபோதுதான் ஆசிரியர் வேப்பமரத்தடியில் குடியேறினார்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா ஏறத்தாழ இரண்டு வருஷம் பள்ளியைப் பூட்டியதில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 'அம்மா'வே தடுமாறியது. 2022 ஜூனில் முதலமைச்சர் திருவள்ளூர் மாவட்டத்தில் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2025க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுத்தும் எண்ணும் வந்துவிட வேண்டும் என்பது அன்றைய இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எந்த வகுப்பாக இருந்தாலும் பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கைபிடித்துப் போகச் சொன்னீர்கள். பாட்டு, பொம்மை, கதை என்று வகுப்பறை கலகலத்தது. குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. அப்புறம் அந்தப் பூந்தோட்டத்தில் மதிப்பீட்டுச் செயலியைக் கொண்டுவந்து இறக்கினீர்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். வகுப்பில் முப்பது பிள்ளைகள். தமிழ், ஆங்கிலம், கணக்கு. ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் அழைத்து, திரையில் வரும் கேள்வியைக் கேட்டு, வாயைத் திறக்க வைத்து, பதிலைத் தட்ட ஒரு பாடத்துக்கு ஐந்து நிமிடம் என்று வையுங்கள். நானூற்றைம்பது நிமிடம். ஏழரை மணி நேரம். மாலை நான்கு மணிக்குப் பள்ளி விட்டுவிடுகிறது. கடைசிப் பிள்ளைகளுக்குக் கணக்கு கேட்பதற்குள் சத்துணவு அம்மாவும் வீட்டுக்குப் போயிருப்பார். ஒரு பிள்ளை திரைக்கு முன்னால் நிற்கும்போது மற்ற இருபத்தொன்பதும் என்ன செய்யும்? அதை எந்தச் செயலியிலும் பதிவேற்றக் கட்டமில்லை. நெட் தங்குதடையில்லாமல் ஓடினால் கணக்கு இது. ஓடாத நாளுக்கு வாய்ப்பாடு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆனாலும் ஒன்றியவாரியாகப் பட்டியல் வருகிறது. முடிக்காத பள்ளிகள் சிவப்பில். மாலைக்குள் நூறு விழுக்காடு. இரவு ஒன்பது மணிக்கு சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில், பிள்ளைகள் எல்லாரும் அவரவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, முப்பது பேரும் தொடர் கூட்டல்களைச் சரியாகப் போட்டு மலர் நிலைக்கு உயர்ந்துவிடுகிறார்கள். உலகத்தில் வேறு எந்தக் கல்வி முறையும் தூக்கத்தில் இவ்வளவு சாதித்ததில்லை. ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். நேர்மையாகச் செய்தவர் சிவப்பில் இருக்கிறார்; காரணம் கேட்டு அவருக்குத்தான் ஃபோன் வருகிறது.

நீங்களும் அந்தத் தரவை முழுக்க நம்பியதாகத் தெரியவில்லை. 2023இல் பி.எட். மாணவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி, பிள்ளைகளின் அடைவை வெளியாள் மதிப்பிடட்டும் என்றீர்கள். ஆசிரியர் சங்கங்கள் கொதித்துப் போயின. எங்கள் சந்தேகம் வேறு. வகுப்பாசிரியரிடம் வாயால் கேட்டிருந்தால், எந்தப் பிள்ளைக்கு 'ழ' வரவில்லை, எவன் பத்தைத் தாண்டினால் விரலைத் தேடுகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாரே. அவரிடம் கேட்பதற்குச் செலவும் இல்லை, சர்வரும் வேண்டாம். ஒருவேளை அதுதான் குறையோ?

மதிப்பீடு நமக்குப் புதிதுமல்ல. 2012–13இல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு இருபதும் இருபதுமாக நாற்பது மதிப்பெண், தொகுத்தறிக்கு அறுபது. அப்போதே வகுப்புக்கு வகுப்பு பேரேடு தடித்துத்தான் போனது. ஆனால் பேரேட்டுக்கு சார்ஜ் இறங்காது, அப்டேட் கேட்காது. ஆசிரியர் சொல்லிக்கொடுத்து முடியும்வரை ஓரமாகப் பொறுமையாகக் காத்திருக்கும்.

ஓடிபி பற்றியும் ஒரு வார்த்தை. பெற்றோரின் கைப்பேசி எண்ணைச் சரிபார்க்கச் சொன்னீர்களே, அந்த நாட்களில் நடந்த உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான்.

"ஐயா, உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்க."

"யாருமா அது?"

"உங்க பொண்ணோட டீச்சர்தாங்க."

"டீச்சர்னு சொல்லிதான் எங்க மச்சான்கிட்ட பத்தாயிரத்த உருவுனாங்க. வைமா போன."

வங்கி யாரிடமும் சொல்லாதே என்கிறது, பள்ளி உடனே சொல் என்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருக்கும் தகப்பன் யார் பேச்சைக் கேட்பான்? வங்கியின் பேச்சைத்தான். அப்படிப்பட்ட தகப்பனைக் குறித்து நாங்கள் பெருமைப்படுகிறோம். டீச்சர் மட்டும் பாவம், அன்று கணக்குப் பாடம் நடத்த வேண்டிய நேரத்தில் தான் மோசடிக்காரி அல்ல என்று ஒவ்வொருவருக்கும் நிரூபித்துக்கொண்டிருந்தார்.

எடை, உயரம், கண் பார்வை, நூலகத்தில் எந்தப் பிள்ளை எந்தப் புத்தகம் எடுத்தது, கலைத் திருவிழாவில் யார் ஆடினார்கள் என்பவற்றை எல்லாம் விரிக்கவில்லை. உங்களிடமே இருக்கிறது.

2023 அக்டோபரில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக்கின் போராட்ட அறிவிப்புக்குப் பிறகு, வருகைப் பதிவைத் தவிர எமிஸ் வேலைகள் ஆசிரியருக்கு இல்லை என்று பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் சொன்னபோது நாங்கள்கூடக் கை தட்டினோம். அதன்பின் கையடக்கக் கணினி 79,723 ஆசிரியர்களுக்கு, திறன்மிகு வகுப்பறை 22,931 என்று அறிவிப்புகள் வந்தன. வேலையைக் குறைப்பதாகச் சொன்ன பிறகு கருவியைப் பெரிதாக்கிக் கொடுப்பதில் ஒரு நகைச்சுவை இருக்கிறது; அதைத் துறை உணர்ந்து செய்ததா என்று தெரியவில்லை. திறன்மிகு வகுப்பறை வரட்டும், நல்லது. அங்கே திரையில் ஒரு பாடல் ஓடும்போது ஆசிரியருக்கு வாட்ஸ்அப் பார்க்கக் கொஞ்சம் நேரமாவது கிடைக்கும்.

சட்டச் சிக்கல் ஒன்று இருக்கிறது, அதற்கு வழியும் நாங்களே கண்டுபிடித்திருக்கிறோம். மேலே பார்வையில் குறித்த பிரிவு 27, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்குத் தவிர ஆசிரியரைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்கிறது. செயலி இந்த மூன்றில் எதிலும் இப்போதைக்கு இல்லை. அரசாணை ஒன்றின் மூலம் செயலியைப் பேரிடராக அறிவித்துவிட்டால் எல்லாம் சட்டப்படி சரியாகிவிடும். ஆசிரியர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று உறுதி தருகிறோம்.

அதுவரைக்கும் எங்கள் கோரிக்கை எளியது. காலை பத்திலிருந்து மாலை நான்குவரை சர்வரை ஓய்வெடுக்க விடுங்கள். அது செய்த வேலைக்கு அந்த ஓய்வு தகும். ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் சிக்னல் எட்டாத பள்ளிகளில் இந்தச் சலுகை இயற்கையாகவே அமலில் இருக்கிறது. அங்கே ஆசிரியர் பகலெல்லாம் பாடம் நடத்திவிட்டு, மாலையில் மேட்டுக்கு ஏறி நின்று சிங்க் செய்கிறார். சமவெளிப் பிள்ளைகளுக்கும் சம வாய்ப்பு வேண்டும். வருகைப் பதிவு ஒன்றை மட்டும் காலையில் விட்டுவைக்கலாம். பிள்ளை வந்ததா இல்லையா என்பது எங்களுக்கும் தெரிய வேண்டும். பிள்ளை கற்றதா இல்லையா என்பதை, மாலையில் பள்ளி வாசலில் நின்று டீச்சரிடமே கேட்டுக்கொள்கிறோம்.

முழுநேரமும் ஓய்வு கொடுக்க முடியாது என்று மேலிடம் சொன்னால், அதையும் புரிந்துகொள்வோம். சர்வர் எந்தெந்த நாளில், எத்தனை மணிக்குப் படுக்கப் போகிறது என்று முதல் நாளே ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். அதற்கேற்றபடி ஆசிரியர் பாடக்குறிப்பு எழுதி வைத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
பெற்றோர்.

நகல்: வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களுக்குத் தகவலுக்காக. குழுவில் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.