ஆசாரி இல்லாத நகை

செய்கூலி கட்டுப்படியாகவில்லை. 24 காரட் தங்கம் வாங்கி நானே வீட்டில் வளையல் செய்துகொண்டால் என்ன?
– வாசகி, காரைக்குடி

செய்யலாம். அதைப் போட்டுக்கொண்டு மாவு பிசையாமல், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் இருப்பீர்களா? சுத்தத் தங்கம் அவ்வளவு மெத்து. ஒரே கிராமைச் சுமார் ஒரு சதுர மீட்டர் தகடாக அடித்துவிடலாம். அடிக்கு அப்படி இளகுகிற தங்கம், கையில் வளையலாக நிற்குமா? அதற்காகத்தான் செம்பும் வெள்ளியும் கலந்து, ஆயிரத்தில் 916 பங்கு தங்கமாக்கி, 22 காரட் என்கிறார்கள்.

சேதாரமாவது மிச்சமாகுமே?

அரம் போட்டால் உங்கள் வீட்டிலும் தூள் உதிரும். ஆசாரி அதைக் கூட்டி அள்ளி, மறுபடி உருக்குவார். நீங்கள்? துடைப்பத்தோடு குப்பைக்கு அனுப்பிவிடுவீர்கள்!

தங்கம் உருக 1,064 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். அதைவிடப் பயம் பற்றவைப்பில்தான்: காட்மியம் கலந்த பொடியை வைத்து ஊதினால் எழும் புகை நுரையீரலைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். அடைத்த சமையலறையில் அந்த வேலை வேண்டவே வேண்டாம். கையால் செய்யும் ஆசை நல்ல ஆசை. ஒரு பட்டறையில் ஆசாரி பக்கத்தில் உட்கார்ந்து, முதலில் வெள்ளிக் கம்பியை வளைத்துப் பழகுங்கள்.